குழந்தை பார்க்கும் இடத்தில் சொல்லை வையுங்கள்

ஆறு வாரக் குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்து முதன்முதலாகச் சிரிக்கிறது. நாலரை வயதில் அதே பிள்ளை, "அண்ணனுக்குத் தெரியாது, சொல்லிடாதீங்கம்மா" என்று காதுக்குள் கிசுகிசுக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் சிந்தனை, பேச்சு, பிறர் மனத்தை அறிவது என்ற மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வளர்கின்றன. மூன்றுக்கும் தீனி ஒன்றே: குழந்தை எதைக் கவனிக்கிறதோ அதற்குப் பதில் கொடுக்கும் ஒரு மனிதர்.

கோலாலம்பூரில் அந்த மனிதருக்குத்தான் நேரம் கிடைப்பதில்லை. காலை ஆறரைக்குக் கிளம்பி, ஜாமில் ஊர்ந்து, இரவு ஏழுக்கு வீடு திரும்பும் அப்பா அம்மா. பகல் முழுவதும் தாஸ்கா என்ற குழந்தைப் பராமரிப்பு நிலையத்திலோ மலாய் பேசும் ஆன்ட்டி வீட்டிலோ பிள்ளை. மிஞ்சுவது குளியல், சாப்பாடு, தூக்கம் என்று இரண்டு மணி நேரம். கீழே உள்ளவை அந்த இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கக்கூடியவை. இதற்காகத் தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை; எப்படியும் செய்யப்போகும் வேலைக்குள் நுழைத்துவிடலாம்.

ஐந்து விநாடி

எல்லா வயதுக்கும் பொதுவான முறை இது. குழந்தையின் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். அந்தப் பொருளைப் பற்றி ஒரு சின்ன வாக்கியம் சொல்லுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். இதற்குள் வரும் எதுவும் பதில்தான்: ஒரு முனகல், ஒரு உதை, ஒரு பார்வை, அரைகுறைச் சொல். அதை வாங்கிக்கொண்டு, கூட ஒரு சொல் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள்.

குளியலை எடுத்துக்கொள்வோம். பத்து மாதக் குழந்தை தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்து, குவளையிலிருந்து நீர் விழுவதையே பார்க்கிறது. "தண்ணி விழுது" என்று சொல்லி நிறுத்துங்கள். ஒன்று, இரண்டு, மூன்று. குழந்தை குவளையைப் பார்க்கும், பிறகு உங்களைப் பார்க்கும், "த்தா" என்று ஏதோ சொல்லும். "ஆமா, தண்ணி! இன்னும் ஊத்தவா?" குவளையைத் தூக்கிக்கொண்டு மறுபடி நிறுத்துங்கள். இப்போது கை நீளும், அல்லது உடம்பே குலுங்கும். அதற்குப் பிறகுதான் ஊற்ற வேண்டும். 'நான் ஏதாவது செய்தால் உலகம் பதில் சொல்கிறது' என்பதைக் குழந்தை அந்தச் சிறு நிறுத்தத்தில்தான் கற்கிறது.

பெரும்பாலான வீடுகளில் பிசகுவது இந்த இடத்தில்தான். பெரியவர்களுக்கு ஐந்து விநாடி மௌனம் தாங்காது. இரண்டாவது விநாடியிலேயே அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். குழந்தைக்குக் கேட்கவும், யோசிக்கவும், வாயைத் திரட்டவும் நம்மைவிட அதிக நேரம் வேண்டும். இன்னொரு தவறு கேள்வி மழை: "இது என்ன? இது என்ன கலர்? யானை எப்படிக் கத்தும்?" இது பரீட்சை. நான்கு வாக்கியம் சொன்னால் ஒரு கேள்வி போதும்.

அன்பினாலேயே நடக்கும் தவறும் உண்டு. பாட்டி வீட்டில் வளரும் குழந்தை கேட்பதற்கு முன்பே பால் வந்துவிடும், பொம்மை வந்துவிடும். பாட்டியை நிறுத்தச் சொல்ல வேண்டாம்; கொடுக்கும் முன் "பாலா வேணும் கண்ணு?" என்று கேட்டு ஒரு மூச்சு காத்திருக்கச் சொல்லுங்கள், அது போதும்.

முதல் அரை ஆண்டு

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மார்போடு அணைத்திருக்கும்போது அம்மாவின் முகம் இருக்கும் தூரம் அது. அம்மாவின் குரலைப் பிறந்த சில நாள்களிலேயே அடையாளம் காணும், ஏனென்றால் வயிற்றுக்குள்ளேயே கேட்டுப் பழகியாயிற்று. இரண்டு மூன்று மாதத்தில் "ங்கா" வரத் தொடங்கும். அதற்கு நம் வீடுகளில் எல்லாரும் "ங்கா சொல்லு, ங்கா" என்று பதில் சொல்வோமே, அது முழுக்கச் சரியான செயல். இழுத்து, உயர்த்தி, ராகத்தோடு பேசும் கொஞ்சு மொழியைக் குழந்தைகள் சாதாரணப் பேச்சைவிட அதிகம் கவனிக்கின்றன. வெட்கப்பட வேண்டாம்.

1970களில் எட்வர்ட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு சிரித்து விளையாடிக்கொண்டிருந்த அம்மா, திடீரென்று முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் அப்படியே இருந்துவிட வேண்டும். சில மாதமே ஆன குழந்தைகூட முதலில் சிரித்துக் காட்டும், கை நீட்டும், சத்தம் போடும். ஒன்றும் பலிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதுவிடும். கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே பால் கொடுக்கும்போது நம் முகம் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. நாள் முழுக்க அதைத் தொடாமல் இருக்க முடியாதுதான். பால் கொடுக்கும் நேரத்தில் ஒன்றிரண்டு தடவையாவது வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள்.

தமிழ் எப்போது?

பலர் "முதலில் இங்கிலீஷ் வரட்டும், தமிழ் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொள்ளட்டும்" என்று தள்ளிப்போடுகிறார்கள். காது அப்படிக் காத்திருப்பதில்லை. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியில் உள்ள இரண்டு ஒலிகளைப் போட்டுக் காட்டினார்கள்: நாக்கு பல்லைத் தொடும் 'த', நாக்கு மேலே மடியும் 'ட'. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் வேறுபாட்டைக் கண்டுபிடித்தன. பத்து பன்னிரண்டு மாதத்தில் பெரும்பாலானவற்றால் முடியவில்லை. இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகள் ஒரு வயதை நெருங்கும்போதும் பிரித்தறிந்தன. நம் 'பத்து'க்கும் 'பட்டு'க்கும் உள்ள வேறுபாடும் இதே நாக்கு வேலைதான். பிறகு கற்கவே முடியாது என்று பொருளில்லை. முதல் ஆண்டில் செலவில்லாமல் வருவதற்குப் பின்னால் உழைக்க வேண்டியிருக்கும்.

தொலைக்காட்சித் தமிழ் இதற்குப் போதாது. பட்ரீசியா குல் 2003இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து 12 தடவை விளையாடினார்கள்; குழந்தைகள் சீன ஒலி வேறுபாடுகளைப் பிடித்துக்கொண்டன. அதே ஆள்கள், அதே பேச்சு, ஆனால் காணொளியில் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை. யூடியூபில் தமிழ்ப் பாட்டு ஓடவிட்டால் தமிழ் வந்துவிடும் என்று ஒரு வயதுக் குழந்தையின் பெற்றோர் நம்பினால், அந்த நம்பிக்கையை இங்கேயே விட்டுவிடுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு வயதுக்குட்பட்டோருக்குத் திரை கூடவே கூடாது, ஒரு வயதுப் பிள்ளைக்கும் பரிந்துரைக்கவில்லை, இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம், குறைந்தால் நல்லது என்கிறது. ஈப்போவில் இருக்கும் தாத்தாவோடு வீடியோ அழைப்பில் பேசுவது வேறு கணக்கு, ஏனென்றால் தாத்தா பதில் சொல்கிறார். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, "தாத்தா என்ன காட்டுறாரு? மாம்பழம்!" என்று கோத்துக் கொடுத்தால் இன்னும் நன்று.

மூன்று மொழி குழந்தையைக் குழப்பாது. பேச்சைத் தாமதப்படுத்தாது. "அம்மா, நாசி வேணும்" என்று கலந்து பேசுவது குழப்பத்தின் அறிகுறி இல்லை. எந்தச் சொல் கைக்கு முதலில் கிடைத்ததோ அதை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். "சோறு வேணுமா? இந்தா சோறு" என்று தமிழில் திருப்பிச் சொல்லிவிட்டுச் சோற்றை வையுங்கள். திருத்தாதீர்கள். ஆன்ட்டி வீட்டில் மலாய், தாடிகா என்ற பாலர் பள்ளியில் ஆங்கிலம் என்றிருந்தால், இரவுக் குளியலும் சாப்பாடும் படுக்கையும் தமிழில் மட்டும் என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு எளிது. உங்களுக்குச் சரளமாக வராத மொழியில் குழந்தையோடு பேச முயலாதீர்கள். இரண்டு சொல்லில் நின்றுவிடும் ஆங்கிலத்தைவிட, கோபம் கொஞ்சல் விளக்கம் எல்லாம் தடையின்றி வரும் தமிழ் குழந்தைக்கு அதிகம் தருகிறது.

மறைந்தது எங்கே போகிறது?

எட்டு மாதமளவில் பொம்மை மேல் துண்டைப் போட்டால் குழந்தை துண்டை இழுத்துப் பார்க்கும். அதற்கு முன்பு, மறைத்தவுடன் தேடுவதையே விட்டுவிடும். ஜான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியலாளர் இதைக் கொண்டு, கண்ணில் படாத பொருளும் இருக்கிறது என்ற அறிவு இந்த வயதில்தான் வருகிறது என்றார். பின்னால் வந்த ஆய்வுகள், குழந்தைகள் வியந்து பார்க்கும் நேரத்தை அளந்து, இந்த அறிவின் தொடக்கம் சில மாதம் முன்பே இருக்கிறது என்று காட்டின. கைதான் பிந்தி வருகிறது.

வீட்டில் செய்து பாருங்கள். இரண்டு துண்டு விரித்து, இடது துண்டின் கீழ் கரண்டியை மூன்று நான்கு தடவை ஒளியுங்கள், குழந்தை எடுக்கும். இப்போது அதன் கண் முன்னாலேயே வலது துண்டின் கீழ் வையுங்கள். பத்து மாதக் குழந்தை பெரும்பாலும் இடது பக்கத்தையே தூக்கிப் பார்க்கும். பழகிய கையை அடக்க இன்னும் முடியவில்லை. ஒரு வயது தாண்டியதும் இது மெல்ல மறையும்.

உயரமான நாற்காலியிலிருந்து கரண்டியைப் பத்துத் தடவை கீழே போடுவதும் இதே ஆராய்ச்சிதான்: விழுமா, சத்தம் வருமா, அம்மா எடுத்துத் தருவாளா? ஐந்து தடவை எடுத்துக் கொடுங்கள், ஆறாவது தடவை "அவ்ளோதான், கரண்டி தூங்கிருச்சு" என்று முடித்துவிடுங்கள்.

உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, ஒவ்வொரு விரலுக்கும் சோறு ஊட்டி, கடைசியில் நண்டு ஊர்ந்து அக்குளில் கூசச் செய்யும் நம் விளையாட்டை இந்த வயதில் தினமும் விளையாடுங்கள். ஒரே வரிசை, ஒரே முடிவு. நான்கு நாளில் நண்டு முழங்கையைத் தொடும்போதே குழந்தை சிரிக்கும். அடுத்தது என்ன என்று அதற்குத் தெரிந்துவிட்டது. அப்போது முழங்கையிலேயே நிறுத்தி, முகத்தைப் பாருங்கள். குழந்தை உங்கள் கையைப் பிடித்து மேலே இழுத்தால் அதுதான் அதன் பேச்சு.

சுட்டு விரல்

ஒன்பது முதல் பதினான்கு மாதத்துக்குள் வரும் சுட்டு விரல், முதல் சொல்லுக்கு நிகரான நிகழ்ச்சி. அதில் இரண்டு வகை உண்டு. பிஸ்கட் டப்பாவைக் காட்டுவது 'வேணும்'. பத்துமலையில் குரங்கைக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது 'நீயும் பாரு'. இரண்டாவதில் குழந்தைக்கு எந்தப் பொருளும் வேண்டியதில்லை. உங்கள் கவனம் தன் கவனத்தோடு சேர வேண்டும், அவ்வளவே. பேச்சும் பிறர் மனத்தை அறிவதும் வேர்விடும் இடம் இது. "ஆமா, குரங்கு! வாழைப்பழம் திங்குது" என்று உடனே சொல்லுங்கள். உங்களுக்குப் பிடித்த புறாவைக் காட்டி "அங்க பாரு, அங்க பாரு" என்று முகத்தைத் திருப்பாதீர்கள். குழந்தை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் பொருளுக்குச் சொல் கிடைத்தால் அந்தச் சொல் எளிதில் ஒட்டும்.

வெளியே போகாத நாளில் அடுக்குமாடி லிஃப்ட் போதும். பொத்தானைக் காட்டும் விரலைத் தூக்கிப் பிடித்து, "ஏழு... அமுக்கு!", கதவு திறக்குமுன் "திறக்கப்போகுது... திறந்திருச்சு." நாளுக்கு நான்கு தடவை, ஒரே வரி.

சொற்களை எண்ணுவது

முதல் சொல் பொதுவாக ஒரு வயதையொட்டி வரும். இரண்டு வயதுக்குள் ஐம்பது சொல்லாவது இருக்க வேண்டும், இரண்டு சொல்லைச் சேர்க்கவும் தொடங்கியிருக்க வேண்டும்: "அப்பா போச்சு", "பால் வேணாம்". எண்ணும்போது பலர் குறைத்து எண்ணிவிடுகிறார்கள். குளிர்பதனப் பெட்டியில் ஒரு தாளை ஒட்டி, தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று பத்தி போட்டு எழுதுங்கள். 'மம்மு' சொல்தான். 'ட்டா' என்று எப்போதும் தாத்தாவையே அழைத்தால் அதுவும் சொல்தான். காக்காவுக்குக் 'கா கா' என்றால் அதுவும். பூனையை வீட்டில் 'பூன', ஆன்ட்டி வீட்டில் 'கூச்சிங்' என்றால் இரண்டு சொல். ஒரு மொழியின் பத்தியை மட்டும் பார்த்துவிட்டுப் பிள்ளை பின்தங்கிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது, மூன்றையும் கூட்டுங்கள்.

இரட்டைச் சொல் வரும் காலத்தில் நம் வேலை வேற்றுமை உருபைச் சேர்த்துத் திருப்பித் தருவது. "தாத்தா சட்ட" என்றால், "ஆமா, தாத்தாவோட சட்டை. கொடியில காயுது." 'ஓட', 'ல', 'க்கு' எல்லாம் இப்படிக் காதில் விழுந்து விழுந்துதான் வாயில் ஏறும். "தாத்தாவோடன்னு சொல்லு" என்று நிற்க வைத்துச் சொல்லச் சொன்னால், சொல்ல வந்த செய்தி போய்விடும். ழகரம் நான்கு ஐந்து வயதிலும் 'வாயப்பயம்' என்று வரலாம். நீங்கள் தெளிவாக 'வாழைப்பழம்' என்று சொல்லிக்கொண்டிருங்கள்.

உனக்குப் பிடித்தது வேறு, எனக்குப் பிடித்தது வேறு

ஒன்றரை வயதில் ஒரு பெரிய திருப்பம் நடக்கிறது. இரண்டு தட்டு வையுங்கள்: ஒன்றில் பிஸ்கட், ஒன்றில் வேகவைத்த புரோக்கோலி. பிஸ்கட்டைத் தின்று முகம் சுளியுங்கள், புரோக்கோலியைத் தின்று "ஆகா!" என்று மகிழுங்கள். பிறகு கையை நடுவில் நீட்டி, "எனக்குக் கொஞ்சம் தா." பெட்டி ரெப்பக்கோலியும் அலிசன் கோப்னிக்கும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், பதினான்கு மாதக் குழந்தைகள் தமக்குப் பிடித்த பிஸ்கட்டையே கொடுத்தன, பதினெட்டு மாதக் குழந்தைகள் எதிரில் இருப்பவர் விரும்பிய புரோக்கோலியைக் கொடுத்தன.

இதே வயதில் பிடிவாதமும் தரையில் புரள்வதும் தொடங்குகின்றன. ஆசைக்குப் பெயர் இருந்தால் பாதி சண்டை தணியும். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பலூன் கேட்டு அழும் இரண்டு வயதுப் பிள்ளையிடம், "போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடும்" என்று சொல்வது நம்மிடையே வழக்கம். விட்டுவிட வேண்டிய வழக்கம். பயத்தால் வாய் மூடும். தன் கோபம் என்னவென்று பிள்ளைக்குத் தெரியாமலே போகும். குந்தி உட்கார்ந்து, "பலூன் வேணும். குடுக்கலன்னு கோவம். இன்னிக்கு வாங்கல" என்று மூன்று சிறு வாக்கியம் சொல்லி, தூக்கிக்கொண்டு நடங்கள். அழுகை உடனே நிற்காது. கோபம், பயம், ஏக்கம், வெட்கம், பொறாமை என்ற சொற்கள் மூன்று வயதுக்குள் இப்படித்தான் வந்து சேரும்.

'நெனச்சேன்' என்ற சொல்

பாட்டியின் பிஸ்கட் டின்னைத் திறந்தால் உள்ளே ஊசி நூல் இருக்கும். எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு டின் உண்டு. ஊசியை எடுத்துவிட்டு, நூல்கண்டு மட்டும் இருக்கும் டின்னை மூன்று வயதுப் பிள்ளையிடம் காட்டி "உள்ள என்ன?" என்று கேளுங்கள். "பிஸ்கட்." திறந்து நூலைக் காட்டி, மூடுங்கள். "அண்ணன் இன்னும் பாக்கல. உள்ள என்ன இருக்குன்னு அவன் நெனப்பான்?" மூன்று வயதுப் பிள்ளை பெரும்பாலும் "நூல்" என்று சொல்லும். "முதல்ல நீ என்ன நெனச்ச?" என்றால் அதற்கும் "நூல்". பொய் சொல்லவில்லை, தன் பழைய தவறான எண்ணத்தையே அதனால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. நான்கு ஐந்து வயதில் "பிஸ்கட்னு நெனப்பான்!" என்று சிரிக்கும். ஹைன்ஸ் விம்மரும் யோசெஃப் பெர்னரும் 1983இல் சாக்லேட்டை இடம் மாற்றி வைக்கும் கதையைக் கொண்டு முதலில் இதைச் சோதித்தார்கள்.

இது தானாக வரும். ஆனால் வீட்டுப் பேச்சு இதற்குத் துணை செய்கிறது. எண்ணங்களைப் பற்றிப் பேசும் வீட்டில் வளரும் பிள்ளைகள் இதில் முந்துவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. தமிழில் அதற்குக் கைக்கருவி தயாராகவே இருக்கிறது: '-னு நெனச்சேன்'. "சாவி பையில இருக்குன்னு நெனச்சேன், மேசையில இருக்கு." "பாட்டி நீ தூங்குறேன்னு நெனச்சாங்க, அதான் லைட்டை அணைச்சாங்க." நாளுக்கு மூன்று நான்கு வாக்கியம் இப்படி வந்தால் போதும்.

இன்னும் இரண்டு இடங்களில் தமிழே பாடம் நடத்துகிறது. "நாங்க பாசார் மாலாம் போறோம்" என்றால் கேட்கும் பிள்ளைக்கு இடமில்லை. "நாம போறோம்" என்றால் உண்டு. மலாயிலும் காமி (நாங்க), கித்தா (நாம) என்று இதே பிரிவு இருக்கிறது, ஆங்கிலத்தில் இல்லை. ஆகவே பிள்ளையிடம் இவற்றை மாற்றாமல் சரியாகச் சொல்லுங்கள். இந்தப் பிரிவு 'யார் உள்ளே, யார் வெளியே' என்று ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட வைக்கிறது. இன்னொன்று உறவு முறை. நான்கு வயதுப் பிள்ளையிடம் "அத்தைக்கு அண்ணன் இருக்காரா?" என்று கேளுங்கள். "இல்ல" என்று வரலாம், அந்த அண்ணன் தன் அப்பாவாகவே இருந்தாலும். "உனக்கு அப்பா, அத்தைக்கு யாரு?" என்று குடும்பப் படத்தை வைத்துக்கொண்டு வாரம் ஒரு தடவை விளையாடலாம்.

பகிர்ந்துகொள்வதும் மன்னிப்புக் கேட்பதும் இதன் பிறகே பொருள்படும். இரண்டு வயதில் கையிலுள்ள பொம்மையைப் பறித்து அடுத்த பிள்ளையிடம் கொடுத்தால், பலமுள்ளவர் பறிக்கலாம் என்பதுதான் மனத்தில் பதியும். "அவன் ஒரு சுத்து, பிறகு நீ ஒரு சுத்து" என்று முறை வையுங்கள். அடக்கிக்கொள்ளும் திறனுக்கு நாலு வயதில் ஒரு விளையாட்டு: "தாத்தா சொன்னார், கையைத் தூக்கு" என்றால் தூக்க வேண்டும், வெறும் "கையைத் தூக்கு" என்றால் அசையக் கூடாது.

எப்போது கிளினிக்குக்குப் போவது

வேறுபாடுகள் நிறைய உண்டு, சில வாரம் முந்துவதும் பிந்துவதும் ஒரு பொருட்டில்லை. ஆனால் பன்னிரண்டு மாதத்தில் மழலை ஒலி இல்லாவிட்டாலோ, டாட்டா காட்டுதல், சாமி கும்பிடுதல் போன்ற சைகை எதுவும் இல்லாவிட்டாலோ, பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் சொந்தமாக இரண்டு சொல் சேரவில்லை என்றாலும் அப்படியே. வந்த சொற்கள் எந்த வயதில் மறைந்தாலும் உடனே போங்கள். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்ற ஆறுதலில் ஓராண்டு போய்விடுகிறது. சிகிச்சைக்கு அந்த ஓராண்டுதான் பொன்னானது. "மூணு மொழி பேசுறீங்க, அதான்" என்று யாராவது அனுப்பிவிட்டால் வேறு இடத்தில் காட்டுங்கள்.

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில், தடுப்பூசிக்குப் போகும் அதே இடத்தில், தாதியிடம் சொன்னால் தொடங்கிவிடலாம். பதினெட்டு மாத வருகையில் எம்-சாட் என்ற, ஆட்டிசத்தின் அறிகுறி உண்டா என்று பார்க்கும் கேள்வித்தாளை நிரப்பச் சொல்வார்கள். "எல்லாம் சரி" என்று வேகமாகக் குறியிடாமல் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பேச்சுத் தாமதத்துக்கு முதலில் கேட்கவேண்டியது செவிப் பரிசோதனை. சளியால் நடுக்காதில் நீர் கட்டியிருந்தாலும் பேச்சு மங்கும். பிறந்தபோது செய்த சோதனை தேறியிருந்தாலும் இது பின்னால் வரலாம்.

போகும்போது குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டோடு, குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிய அந்த மூன்று பத்தித் தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பிள்ளை விளையாடும்போது எடுத்த ஒரு நிமிடக் காணொளிகள் இரண்டு மூன்று கைத்தொலைபேசியில் இருக்கட்டும்: ஒன்றில் பெயர் சொல்லி அழைப்பது, ஒன்றில் ஏதாவது கேட்கும் முறை, ஒன்றில் தனியாக விளையாடுவது. அறிமுகமில்லாத அறையில் பிள்ளை வாயே திறக்காமல் போனாலும், மருத்துவர் பார்க்க வேண்டியது அதில் இருக்கும்.